மாற்றுத்திறனாளிகளும் உடற்பயிற்சியும்: கொழும்பிலுள்ளோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகளுக்குச் சென்று பயிற்சி கற்பிக்கும் இயன்மருத்துவர் என்ற முறையில், நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முள்ளந்தண்டுக் காயம், பாரிசவாதம், போலியோ, பெருமூளை வாதம், கால் இழப்பு ஆகிய நிலைகளை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியுள்ளேன். உங்களை நேரில் பரிசோதித்தவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வைத்தியசாலையில் சிகிச்சை முடிந்துவிட்டது. இனியும் உடற்பயிற்சி எதற்கு?

விபத்துக்கோ நோய்க்கோ பின்னர் இழந்த இயக்கத்தில் எவ்வளவை மீட்கலாம் என்று பார்ப்பது சிகிச்சை. இருக்கும் உடலை அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு நல்ல நிலையில் வைத்திருப்பது உடற்பயிற்சி. நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் பெரிய தசைகள் வேலை செய்யாததால் உடல் செலவிடும் சக்தி குறைந்துவிடுகிறது; ஆனால் தட்டில் விழும் சோற்றின் அளவு பெரும்பாலும் குறைவதில்லை. எடை கூடுகிறது, சீனி வருத்தமும் உயர் இரத்த அழுத்தமும் எளிதாக வந்து சேருகின்றன, மலச்சிக்கல் வருகிறது, உறக்கம் கெடுகிறது. அதுவரை கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானாகவே மாறிக்கொண்டிருந்தவர், கூடிய எடையைத் தூக்க முடியாமல் மனைவியின் கையையோ மகனின் கையையோ எதிர்பார்க்க வேண்டியதாகிறது. நான் பயிற்சியை வலியுறுத்துவதற்கு முதற்காரணம் இதுதான். பிறர் உதவியின்றிக் குளியலறைக்குப் போய்வர முடிவது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அந்த வலிமையை இழந்தவர்கள் நன்கு அறிவார்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடல் இயக்க வழிகாட்டல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதல் தடவையாகத் தனியே பரிந்துரைகள் இடம்பெற்றன. வளர்ந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமாகவோ, 75 முதல் 150 நிமிடங்கள் வரை கடுமையாகவோ உடலை இயக்க வேண்டும். அத்துடன் வாரத்தில் 2 நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. முள்ளந்தண்டுக் காயமடைந்தவர்களுக்கென 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டல் இதைவிட எட்டக்கூடிய தொடக்க இலக்கைத் தருகிறது: வாரத்துக்கு 2 தடவை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 20 நிமிடங்கள் மூச்சு வாங்கும்படியான பயிற்சியும், இயங்கும் முக்கிய தசைகள் ஒவ்வொன்றுக்கும் 3 சுற்று வலுவூட்டலும் போதுமானவை. சீனி, கொழுப்பு போன்றவற்றையும் கட்டுப்படுத்த விரும்பினால் அந்த மூச்சு வாங்கும் பயிற்சியை 30 நிமிடங்களாக்கி, வாரத்துக்கு 3 தடவை செய்ய வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். பல மாதங்கள் படுக்கையில் இருந்தவர் ஐந்து நிமிடத்தில் களைத்துப்போவது இயல்பே. அந்த ஐந்து நிமிடத்தையே காலையும் மாலையும் செய்து, வாரம் ஒரு தடவை ஓரிரு நிமிடங்களைக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

வேகத்தை அளப்பதற்கு நாடித்துடிப்பை மட்டும் நம்ப முடியாது. கழுத்துப் பகுதியிலோ மார்பின் மேற்பகுதியிலோ முள்ளந்தண்டுக் காயம் உள்ளவர்களுக்கும், பிரஷருக்கு அல்லது இதயத்துக்குச் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் எவ்வளவு முயன்றாலும் நாடி அதிகம் உயராது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். நாலைந்து சொற்களுக்கு ஒரு தடவை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அது கடுமையான வேகம்.

தொடங்குவதற்கு முன் வைத்தியரைக் காண வேண்டுமா?

இதய நோய், கட்டுக்குள் வராத பிரஷர், ஆறாத புண், அண்மைய எலும்பு முறிவு, வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கட்டாயம் காண வேண்டும். கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். நெடுங்காலமாக எடை தாங்காத கால்களின் எலும்புகள் மெலிந்து, சிறிய அடியிலும் முறியக்கூடும். ஆகவே எழுந்து நிற்கும் பயிற்சியையோ கால்களை வலிந்து மடக்கும் பயிற்சியையோ யாரேனும் பரிந்துரைத்தால், அதற்கு முன் எலும்பின் நிலையைப் பற்றிக் கேளுங்கள். “உடற்பயிற்சி செய்யலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் “செய்யலாம்” என்ற பதிலே கிடைக்கும். எதைச் செய்யக்கூடாது என்று கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும்.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே வீட்டில் என்ன செய்யலாம்?

மேலுடம்புக்குத் தேவையான பெரும்பாலானவற்றைச் செய்யலாம். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ உள்ள ஒரு தொடர்மாடி வீட்டின் சிறிய வரவேற்பறை இதற்குப் போதும்.

முதலில் நாற்காலியின் இரு பிரேக்குகளையும் போட்டு, ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். தேய்ந்த டயரில் பிரேக் பிடிப்பதுபோல் தோன்றினாலும் நழுவும். பின்பக்கமாகக் கவிழாமலிருக்கச் சிறு சக்கரங்கள் பொருத்தப்பட்டிருந்தால் அவை கீழிறக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் நாற்காலியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பாதங்கள் மிதிதட்டில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். இடுப்புக்கு மேல் உடலைத் தாங்க முடியாதவர்கள் அகன்ற பட்டி ஒன்றால் மார்பை நாற்காலியின் சாய்வோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரிய இடம் இருக்க வேண்டும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். இழுபட்டி (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டி) ஒன்றை ஜன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்தில் சுற்றி, இரு முனைகளையும் கைகளில் பிடியுங்கள். முழங்கைகளை உடலோடு ஒட்டியபடி பின்னோக்கி இழுத்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகின் நடுவில் நெருங்கும் இடத்தில் இரண்டு விநாடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள். விடும்போது பட்டி உங்களைச் சட்டென்று முன்னே இழுத்துச் செல்ல விடக்கூடாது. அந்த மெதுவான மீளலிலும் தசைக்குப் பாதி வேலை இருக்கிறது. 8 முதல் 12 தடவை செய்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் செய்யுங்கள். 12ஆவது தடவையும் இலகுவாக இருந்தால் நாற்காலியைச் சற்றுப் பின்னே தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். விரல்களால் பிடிக்க முடியாதவர்கள் பட்டியின் முனையில் வளையம் போட்டு மணிக்கட்டில் மாட்டலாம்.

டம்பெல் இல்லையென்றால் தண்ணீர்ப் போத்தல் போதும்: ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம். மூச்சு வாங்கும் பயிற்சிக்கு, பிடித்த பாடல் ஒன்றைப் போட்டுவிட்டு அது முடியும்வரை காற்றில் குத்துச்சண்டை போடச் சொல்வேன். மூன்று பாடல்களுக்குள் நன்றாக வியர்க்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பயிற்சி மும்முரத்தில் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் பிட்டத்தில் அழுத்தம் கூடும். 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒரு தடவை முன்னோக்கிக் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஓரிரண்டு நிமிடங்கள் அந்த அழுத்தத்தை விடுவியுங்கள். இரவில் கண்ணாடி வைத்தாவது தோலைப் பாருங்கள். மறுநாளும் மறையாத சிவப்போ கருமையோ தெரிந்தால், அது மறையும்வரை அந்த இடத்தில் உட்காரக் கூடாது.

நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தோள் வலிக்கிறது. பயிற்சியை நிறுத்திவிடலாமா?

வலியைக் கூட்டும் அசைவை நிறுத்துங்கள். பயிற்சியை முழுதாக நிறுத்த வேண்டாம். நாற்காலியைத் தள்ளும்போது நெஞ்சுத் தசைகளும் தோளின் முன்புறமும் ஓயாமல் வேலை செய்கின்றன, முதுகுப் பக்கம் சோம்பிக் கிடக்கிறது. இந்தச் சமமின்மையே பலருடைய வலிக்குக் காரணம். எனவே தள்ளும் பயிற்சி ஒன்று செய்தால் இழுக்கும் பயிற்சி இரண்டு செய்யுங்கள். நெஞ்சை விரித்து நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். சக்கரத்தைக் குறுகிய அவசரத் தள்ளல்களாக அல்லாமல் நீண்டு வழுக்கும் தள்ளல்களாகத் தள்ளுங்கள். டயரில் காற்றுக் குறைந்தால் தோளுக்குச் சுமை கூடும் என்பதால் வாரம் ஒரு தடவை காற்றைப் பாருங்கள். கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாத வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவருக்குத் தோளே காலின் வேலையையும் செய்கிறது.

சிறு வயதில் போலியோ வந்தது. இப்போது நல்ல காலும் களைக்கிறது. கூடுதலாகப் பயிற்சி செய்தால் சரியாகுமா?

இங்கே மட்டும் கூடுதல் பயிற்சி கேடு செய்யக்கூடும். இலங்கையில் கடைசியாகப் போலியோ நோயாளர் இனங்காணப்பட்டது 1993இல். ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் முப்பது வயதைக் கடந்தவர்கள், பலர் அறுபதையும் கடந்தவர்கள். நோய் வந்து பல பத்தாண்டுகள் கழித்துப் புதிய பலவீனமும் களைப்பும் மூட்டு வலியும் தோன்றுவது போலியோவுக்குப் பிந்திய நிலை என அறியப்படுகிறது. எஞ்சிய நரம்புகள் இத்தனை காலமும் இரட்டிப்பு வேலை செய்து தளர்ந்திருக்கின்றன. வைத்தியர் அதை உறுதிப்படுத்தினால், களைப்பு வருவதற்கு முன்னரே நிறுத்தும் விதத்தில், இடையிடையே ஓய்வுடன், இலேசான பயிற்சியைச் செய்யுங்கள். நீச்சல் தடாகத்தில் செய்வது மிகப் பொருத்தம். மறுநாட் காலையில் களைப்போ வலியோ மீந்திருந்தால் முந்தைய நாள் அளவு மீறிவிட்டது என்று கொள்ளலாம். இத்தனை ஆண்டுகள் மன உறுதியால் எல்லாவற்றையும் சாதித்தவர்களுக்கு இந்த ஆலோசனை கசக்கும் என்பதை அறிவேன். ஆயினும் மூட்டுத் தாங்கியையோ ஊன்றுகோலையோ மீண்டும் பயன்படுத்துவதில் தோல்வி ஏதும் இல்லை.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்கவில்லை. வீட்டில் நாங்கள் எப்படி உதவுவது?

நாற்காலியில் இருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கைபிடியுள்ள, ஆடாத கதிரையைச் சுவரோடு போடுங்கள். அவர் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, இரு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, மூக்கு பாதவிரல்களுக்கு நேரே வரும்வரை முன்னே சாய்ந்து எழ வேண்டும். நீங்கள் பலவீனமான பக்கத்தில் நில்லுங்கள். அந்தக் கையைப் பிடித்தோ கக்கத்தில் கைகொடுத்தோ இழுத்துத் தூக்கவே கூடாது; தசைப்பிடிப்பை இழந்த தோள்மூட்டு எளிதில் கீழிறங்கிவிடும், அதன்பின் வரும் வலி மாதக்கணக்கில் தீராது. இடுப்பில் அகன்ற பட்டி ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு. தொடக்கத்தில் ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தால் நல்லது. உணவு வேளைக்கு முன் ஒவ்வொரு தடவையும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

நம் வீடுகளில் அன்பே சில சமயம் தடையாகிறது. அப்பா தேநீர்க் கோப்பையை நோக்கிக் கையை நீட்டத் தொடங்கும்போதே மகள் அதை எடுத்து வாயருகே கொண்டுபோய்விடுகிறார். அந்தக் கை கோப்பையை அடைய அரை நிமிடம் ஆகட்டும், சிறிது சிந்தட்டும். கோப்பையைப் பாதி நிரப்பி, ஆறவைத்துக் கொடுத்துவிட்டுப் பொறுத்திருங்கள். பலவீனமான கை எதையும் பிடிக்க முடியாத நிலையில் இருந்தாலும், மேசையில் அவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். மடியில் தொங்க விடாதீர்கள்.

பெருமூளை வாதமுள்ள என் பிள்ளைக்கு வலுவூட்டும் பயிற்சி தசை இறுக்கத்தைக் கூட்டுமா?

கூட்டாது. முன்னர் அப்படியோர் அச்சம் இருந்தது. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ள, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட இயக்கம் தேவை என்றே உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதைப் பயிற்சி என்று சொல்லிச் செய்விக்காமல், பந்து எறிதல், மூன்று சக்கர சைக்கிள், தண்ணீரில் விளையாட்டு என்று மாற்றுங்கள்.

பாடசாலையிலும் பேசுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் இப்பிள்ளைகளை நிழலில் அமர்த்திக் கைதட்டச் சொல்வதே வழக்கமாக இருக்கிறது. அதை எத்தனை ஆண்டுகளாகப் பார்த்தாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அமர்ந்தபடி பந்தெறியும் போட்டி ஒன்றை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதற்கு ஒரு கதிரையும் ஒரு சுண்ணாம்புக் கோடுமே தேவை. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 30ஆவது உறுப்புரை, பாடசாலை விளையாட்டுகளில் இப்பிள்ளைகளுக்கும் சமமான பங்கு வேண்டும் என்கிறது. அதிபரிடம் பேசும்போது இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

சீனி வருத்தத்தால் காலை இழந்தவர் எப்போது தொடங்கலாம்?

காயம் ஆறுவதற்கு முன்னரே, சத்திர சிகிச்சை செய்த வைத்தியரின் அனுமதியுடன் தொடங்க வேண்டும். செயற்கைக் கால் வரட்டும் என்று காத்திருக்கும் மாதங்களில் இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு நல்ல கால் பொருத்தினாலும் நடை அமையாது. வெட்டப்பட்ட காலில் எஞ்சிய பகுதியின் கீழே தலையணை வைக்க வேண்டாம். நாளில் சில தடவை குப்புறப் படுங்கள். முழங்காலுக்குக் கீழே இழந்தவர்கள் உட்காரும்போது முழங்காலை நீட்டி ஒரு பலகையில் தாங்குங்கள்.

கொழும்பில் நட்புதவிச் சங்கம் பல பத்தாண்டுகளாக ஜெய்ப்பூர் கால் எனப்படும் செயற்கைக் கால்களைச் செய்து பொருத்தி வருகிறது. கால் கிடைத்தபின் முதல் வாரங்களில் அரை மணிக்கு ஒரு தடவை கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். நம் புழுக்கத்தில் உறைக்குள் வியர்வை தேங்கும். இடையில் கழற்றித் துவாயால் துடைத்து, உலர்ந்த காலுறையை மாற்றிக்கொள்ளுங்கள். எஞ்சியிருக்கும் மற்றக் காலையும் அதே கவனத்துடன் பாருங்கள். வெறுங்காலுடன் பயிற்சி வேண்டாம்.

கொழும்பு வெப்பத்தில் எச்சரிக்கை தேவையா?

மிகவும் தேவை. முள்ளந்தண்டு மேற்பகுதியில் காயம் உள்ளவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்ப்பதில்லை; உடல் சூடேறினால் தணிக்க வழியில்லை. காற்றில் ஈரம் நிறைந்த இந்த நகரத்தில், அதுவும் மார்ச் முதல் மே வரை, காலை 7 மணிக்கு முன்போ வெயில் தாழ்ந்த பின்போ பயிற்சி செய்யுங்கள். மின்விசிறிக்கு முன்னால் இருந்து, தண்ணீர்த் தெளிப்பானால் முகத்தையும் கைகளையும் நனைத்துக்கொண்டால் வியர்வையின் வேலையை அது செய்யும்.

வெளியே கழிப்பறை வசதி இருக்காது என்பதால் பலர், குறிப்பாகப் பெண்கள், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று வருவதற்கு இது முக்கிய காரணமாகிறது. தண்ணீரைக் குறைப்பதை விட, கழிப்பறைக்கு அருகில் பயிற்சி செய்யும் இடத்தைத் தேர்வதே நல்லது.

வெளியே போவதானால் எங்கே போகலாம்?

சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள நடைபாதையும் விகாரமகாதேவி பூங்காவும் காலிமுகத்திடலின் கடலோரப் பாதையும் அதிகாலையில் எனது முதல் தெரிவுகள். காலி வீதியின் நடைபாதை சக்கர நாற்காலிக்கு ஏற்றதல்ல. பெயர்ந்த கற்களும் ஏற்றி நிறுத்திய மோட்டார் சைக்கிள்களும் உங்களை வீதிக்கு இறக்கிவிடும். முதல் தடவை துணையோடு சென்று, எந்த வாயிலில் படி இல்லை என்று பார்த்து வையுங்கள்.

ஜிம்மில் சேர்வதானால் பணம் கட்டுவதற்கு முன் நேரில் சென்று பாருங்கள். வாசலில் எத்தனை படி, லிப்ட் வேலை செய்கிறதா, கதவின் திறப்பு 80 சென்டிமீட்டராவது இருக்கிறதா, கழிப்பறைக்குள் நாற்காலி திரும்புமா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்பவை முக்கியம். பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி இருக்க வேண்டும் என்பதற்கு 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. எனவே ஒரு சாய்தளம் கேட்பதைச் சலுகை கேட்பதாக நினைத்துக் கூச வேண்டாம்.

போட்டி விளையாட்டில் சேர வழி உண்டா?

உண்டு. 2012 இலண்டன் பராலிம்பிக்கில் பிரதீப் சஞ்சய 400 மீட்டர் ஓட்டத்தில் வென்ற வெண்கலமே இலங்கையின் முதல் பராலிம்பிக் பதக்கம். தினேஷ் பிரியந்த ஹேரத் டோக்கியோவில் 67.79 மீட்டர் தூரத்துக்கு ஈட்டி எறிந்து உலக சாதனையுடன் தங்கம் பெற்றார். 2024 பாரிஸில் சமித்த துலான் ஈட்டியில் வெள்ளி பெற்றார். மூவரும் இராணுவத்திலிருந்து வந்தவர்கள். பயிற்றுநர், மைதானம், உணவு ஆகிய மூன்றும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை இது காட்டுகிறது. சாதாரண குடும்பத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் அவை கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. தேசிய பராலிம்பிக் குழுவிடம் விசாரியுங்கள். குறைபாட்டின் வகைக்கேற்பப் பிரிவு ஒதுக்கப்படும் என்பதால் மருத்துவ அறிக்கைகளைத் தயாராக வைத்திருங்கள்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

நெஞ்சு வலி, தலைச்சுற்றல், வழமைக்கு மாறான மூச்சுத்திணறல், முகமோ பேச்சோ கோணுதல் ஆகியவை தோன்றினால் நிறுத்திவிட்டு 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள்.

மார்புப் பகுதியின் 6ஆவது முள்ளென்பிலோ அதற்கு மேலோ காயமுள்ளவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, காயத்துக்கு மேலே வியர்த்தால் அது ஓட்டோனோமிக் டிஸ்ரிஃப்லெக்சியாவாக இருக்கலாம். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான பட்டி, உடை, சப்பாத்து எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 1990ஐ அழைத்து, முள்ளந்தண்டுக் காயம் எந்த இடத்தில் என்பதையும் சொல்லுங்கள். இதை ஒரு தாளில் எழுதி நாற்காலியின் பையில் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் எல்லா வைத்தியசாலை ஊழியர்களும் இதை அடிக்கடி கண்டிருக்க மாட்டார்கள்.

செலவுக்கு அதிகம் பணம் இல்லை. எதை வாங்குவது?

ஓர் இழுபட்டியும், சக்கரம் தள்ளுவதற்கு விரலில்லாத கையுறையும் வாங்கினால் மேலே சொன்ன பெரும்பாலானவற்றைச் செய்யலாம். ஆனால் பிட்டத்தில் உணர்வில்லாமல் நாள் முழுதும் சக்கர நாற்காலியில் இருப்பவர் முதலில் வாங்க வேண்டியது அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல இருக்கை மெத்தை. சாதாரணப் பஞ்சு மெத்தை சில மாதங்களில் அமுங்கிவிடும். கையை அடியில் விட்டுப் பார்த்து, எலும்பு கையில் தட்டினால் அதை மாற்றுங்கள்.